மாதேஷ் (ஆண்பால் பெயர்)

மாதேஷ் என்பது தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களான கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு ஆகியவற்றிலும் அவற்றை ஒட்டிய தென்கருநாடகத்திலும் ஆண் குழந்தைகளுக்கு இடப்படும் பெயர் ஆகும். மாதேசன், மாதேஸ்வரன், மாதப்பன், மாதப்பா, மாதையன், மாதன், மாது ஆகியவை இப்பெயரின் உறவு வடிவங்கள். இவை அனைத்தும் கருநாடகத்தின் சாமராசநகர் மாவட்டம், அனூர் வட்டத்தில் உள்ள மலை மாதேஸ்வரரைக் குறித்து வழங்குபவை.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பகுதிகளில் பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று மாதேஷ் இருப்பது வியப்பன்று. இதே பெயரைத் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ சொன்னால், "மாதவனா, மகேஷா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு பகுதியில் இவ்வளவு பரவலாகவும் மற்றப் பகுதிகளில் இவ்வளவு அரிதாகவும் ஒரு பெயர் இருப்பதற்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரின் பொருள்

மாதேஸ்வர என்பது மகாதேஸ்வர என்பதன் பேச்சு வடிவம். மகாதேவ, ஈஸ்வர என்னும் இரண்டு சிவப் பெயர்கள் சேர்ந்து சுருங்கியதே மகாதேஸ்வர என்று பொதுவாக விளக்குவர். மகா, ஈஸ்வர என்னும் இரண்டு மட்டும் சேர்ந்தால் மகேஸ்வர என்றுதான் வரும். எனவே மகேஷ் வேறு, மாதேஷ் வேறு. இரண்டும் சிவனைக் குறித்தாலும் சொல் பிறந்த வழி ஒன்றல்ல.

மகா என்பது மா என்று குறுகுவது தமிழுக்குப் புதிதன்று. சோழ அரசி செம்பியன் மாதேவியின் பெயரில் உள்ள மாதேவி, மகாதேவி என்பதன் குறுக்கமே. நாட்டுப்புறப் பேச்சில் மகாராசா மாராசா ஆவதும் இவ்வகையே. கன்னட நாட்டுப்புற வழக்கிலும் மகாதேவ என்பது மாதேவ என்றாகும். அதனுடன் மதிப்புப் பின்னொட்டான அப்பா சேர்ந்தால் மாதப்பா. அய்யா சேர்ந்தால் மாதய்யா, தமிழில் மாதையன். ஈஸ்வர என்பதன் சுருக்கமான ஈஷ் மட்டும் நின்றால் மாதேஷ்.

மலை மாதேஸ்வரர்

மாதேஸ்வரர் புராணங்களில் வரும் தெய்வம் அல்லர். 14–15ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்ததாகக் கருதப்படும் வீரசைவ மரபைச் சேர்ந்த துறவி. புலியின் மீது அமர்ந்து மலைகளைச் சுற்றிவந்தவர் என்பது மக்கள் நம்பிக்கை. அவரைச் சிவனின் வடிவமாகவே வணங்குகின்றனர். கன்னடப் பாடல்கள் அவரை எழுபத்தேழு மலைகளின் உடையவர் என்று போற்றுகின்றன. 2023 மார்ச்சில் அவர் புலிமேல் அமர்ந்த 108 அடி உயரச் சிலை மலையில் திறக்கப்பட்டது.

கோயில் அமைந்துள்ள மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகச் செல்லும் சாலையே பழக்கமான வழி. மகா சிவராத்திரி, யுகாதி, தசரா, தீபாவளி ஆகிய நாட்களில் கூட்டம் மிகுதி. சிவராத்திரிக்குக் கனகபுரம், பெங்களூருப் பக்கத்து அடியார்கள் காவிரியைக் கடந்து காட்டுவழியே நடந்து வருவர். கோயிலில் பூசை செய்வோர் பேடகம்பணர் என்னும் சமூகத்தார். தீபாவளியின்போது இச்சமூகத்துச் சிறுமியர் நோன்பிருந்து காட்டு ஓடையிலிருந்து குடங்களில் நீர் சுமந்து வருவது அங்கு முதன்மையான சடங்கு.

மாதேஸ்வரரின் கதை நெடும்பாட்டாக வாய்மொழியில் வாழ்கிறது. பாடுவோருக்குத் தேவரகுட்டர் என்று பெயர். கையில் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தை வைத்துக்கொண்டு பாடுவதால் கம்சாளேக்காரர் என்றும் அழைப்பர். தாளத்தைச் சுழற்றி வீசி ஆடும் வகைக்கு வீசு கம்சாளே என்று பெயர். பாட்டின் ஒவ்வொரு பகுதியும் சாலு எனப்படும். சிரவணன் என்னும் அரக்கனை அழித்தது, சுஞ்சே கவுடர் கதை, பேவினஹட்டி காளம்மா கதை, சங்கம்மா கதை, இக்கேரி தேவம்மா கதை, சரகூரய்யா கதை ஆகியவை அவற்றுள் சில.

பாட்டும் பிள்ளை வரமும்

ஒரு தெய்வத்தின் பெயர் குழந்தைகளின் பெயராகப் பரவ, வழிபாடு மட்டும் போதாது. அத்தெய்வத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு தொடர்பு மக்கள் மனத்தில் இருக்க வேண்டும். மாதேஸ்வரர் விஷயத்தில் அத்தொடர்பைத் தருவது சங்கம்மா கதை.

சங்கம்மாவும் அவள் கணவன் நீலேகவுடனும் காட்டில் வாழ்வோர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தேனெடுக்கக் காட்டுக்குள் செல்லும் கணவன், மனைவியின் மீது ஐயம் கொண்டு அவளைக் கொடுமைக்கு உள்ளாக்குகிறான். தனியே துன்புறும் சங்கம்மாவிடம் மாதேஸ்வரர் வருகிறார். அவளுக்குத் துணைநின்று இரட்டைப் பிள்ளைகள் பிறக்க வரமளிக்கிறார். பிறந்த பிள்ளைகள் காரய்யன், பில்லய்யன். அவர்கள் மாதேஸ்வரரின் அடியார்கள் ஆகின்றனர்.

இக்கதையில் துன்புறுத்தப்பட்ட பெண் பக்கமே தெய்வம் நிற்கிறது. பிள்ளை இல்லை என்ற ஏச்சைக் கேட்டு நொந்த பெண்கள் இம்மலைக்கு வேண்டிக்கொள்வதில் வியப்பில்லை. பிள்ளை பிறந்தால் மலைக்குக் கொண்டுவந்து முடியிறக்கி, சாமியின் பெயரையே வைப்பதாக நேர்ந்துகொள்வர். இவ்வாறு பிறந்த ஆண் குழந்தைக்கு மாதேஸ்வரன் வடிவங்களில் ஒன்றும், பெண் குழந்தைக்கு மாதம்மாள், மாதேஸ்வரி போன்ற பெயர்களும் இடப்படுகின்றன. எனவே இப்பெயர் பல குடும்பங்களில் அழகுக்காகத் தேர்ந்த பெயரன்று, தீர்த்த கடன்.

சுஞ்சே கவுடர் கதையும் நம் பகுதிக்கு நெருக்கமானது. மாதேஸ்வரருக்குக் கோயில் எழுப்பியவராகப் பாட்டு சொல்லும் இவர், காவிரிக்கரையில் ஒகேனக்கல்லுக்கு அருகில் உள்ள ஆலம்பாடியைச் சேர்ந்தவர். ஆலம்பாடி மாடு என்று இன்றும் பெயர்பெற்ற மாட்டினத்துக்குப் பெயர் தந்த ஊர் அது. காவிரியின் இருகரைக் காடுகளிலும் மாடு மேய்த்த மக்களே இவ்வழிபாட்டைக் கரைதாண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பர்கூர் மாடுகளை வளர்க்கும் கன்னடம் பேசும் லிங்காயத்தர்களும் மாதேஸ்வரர் அடியார்களே. (இந்தப் பர்கூர் வேறு, கிருஷ்ணகிரி மாவட்டப் பர்கூர் வேறு.)

எல்லைக்கோடு பிந்தியது

மாதேஸ்வரன் மலை இன்று கருநாடகத்தில் இருப்பதால், மாதேஷ் கன்னடப் பெயர் என்றும், அப்பெயருடையோர் அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் சிலர் எண்ணுவதுண்டு. வரலாறு அவ்வளவு எளிதன்று.

1792ஆம் ஆண்டின் திருவரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரிடம் வந்தன. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் வந்து சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. அதே காலத்தில் மாதேஸ்வரன் மலை இருந்த கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மாநிலச் சீரமைப்பு 1956 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வரும்வரை கொள்ளேகால் சென்னை மாகாணத்திலேயே இருந்தது. அதன்பிறகே மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டம் ஆனது.

தமிழகப் பக்கத்தில் 1965இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஆக, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மலையும் அதன் அடியார்களும் ஒரே மாகாணத்தில் இருந்தனர். இன்று அறுபது, எழுபது வயதான ஒரு மாதையனுக்கு அவருடைய பாட்டனார் பெயர் வைக்கப்பட்டிருக்குமானால், அந்தப் பாட்டனார் பிறந்தபோது அங்கே எல்லைக்கோடே இல்லை. பெயர் எல்லையைத் தாண்டி வரவில்லை, பெயர் இருந்த நிலத்தின் மேல் எல்லை வந்து விழுந்தது.

பெயர் வடிவங்கள்

மாதன், மாது: மிகப் பழைய எளிய வடிவங்கள். முதியவர்களிடம் காணப்படும். பிறந்த குழந்தையைச் செல்லமாகவும் மாது என்று அழைப்பர்.

மாதையன், மாதப்பன்: தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி ஊர்ப்புறங்களில் முந்தைய இரண்டு தலைமுறைகளில் பரவலானவை. தமிழ் இறுதியான அன் பெற்றவை.

மாதப்பா, மாதய்யா: கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்களில் வழங்கும் வடிவங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டங்களில் மிகுதி.

மாதேஸ்வரன்: கொங்குப் பகுதியில் செல்வாக்குப் பெற்ற முழு வடிவம். காரமடை அருகே குட்டையூரில் மாதேஸ்வரர் மலைக்கோயில் உள்ளது. ஈரோடு, சேலம் மாவட்டச் சிற்றூர்களிலும் மாதேஸ்வரன் கோயில்கள் பல.

மாதேஷ், மாதேசன், மாதேஸ்குமார்: பிந்திய வடிவங்கள். கருநாடகத்தில் இறுதியில் அகரம் பெற்று மாதேஷ என்று எழுதப்படும்.

மாதம்மாள், மாதம்மா, மாதேஸ்வரி: பெண்பால் வடிவங்கள்.

மாதையனிலிருந்து மாதேஷ் வரை

இப்பகுதிக் குடும்பங்களில் பெயர் மாறிவந்த முறை ஏறத்தாழ ஒரே வகையாக உள்ளது. பாட்டனார் மாதன் அல்லது மாதையன். மகன் மாதப்பன். பேரன் மாதேஷ். சாமி ஒன்றே, வால் மட்டும் மாறியது.

இம்மாற்றத்துக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பர். ஆனால் மருமகள் மாமனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் இங்கே இருந்தது. மாமனார் மாதையன் என்றால், பெற்ற பிள்ளையை மாதையா என்று அதட்டிக் கூப்பிட முடியாது. மாதேஷ் என்று வைத்தால் பெரியவர் பெயரும் நிலைத்தது, கூப்பிடவும் தடையில்லை.

இரண்டாவது, ரமேஷ், சுரேஷ், கணேஷ், மகேஷ், வெங்கடேஷ் என ஏஷ் என்று முடியும் பெயர்கள் 1960களுக்குப்பின் தமிழ்நாடு முழுவதும் பரவின. ஊர்ச்சாமியின் பெயரையே அந்த ஓசைக்குள் கொண்டுவர முடிந்தது மாதேஷ் என்ற பெயரின் பேறு. இத்தகைய வாய்ப்பு எல்லாச் சாமிப் பெயர்களுக்கும் கிட்டவில்லை. சென்றாயன், திம்மராயன் போன்ற பெயர்கள் அவ்வளவு எளிதில் புதுவடிவம் பெறவில்லை. அதனால் அவை குறைந்துவருகின்றன.

மூன்றாவது, தொழிற்சாலைகள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1980களில் வாகன, கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் வந்தன. ஊர்ப்புறத்து இளைஞர்கள் வெளியூர்க்காரர்களோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்யத் தொடங்கினர். மாதையன் என்ற பெயர் பட்டிக்காட்டுப் பெயராகக் கேலி செய்யப்பட்டது. அடையாள அட்டையில் மாதையன் என்றிருந்தும் நண்பர்களிடம் மாதேஷ் என்று சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. தம் பிள்ளைகளுக்கு அவர்கள் தொடக்கத்திலேயே மாதேஷ் என்று வைத்துவிட்டனர்.

எல்லைப் பகுதியின் பிற சாமிப் பெயர்கள்

மாதேஷ் தனியாக நிற்கும் பெயரன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வழங்கும் ஓசூர்ப் பகுதியில் ஒருவரின் பெயர், அவர் குடும்பம் எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது என்பதைச் சொல்லிவிடும்.

நஞ்சப்பா, நஞ்சுண்டன் என்ற பெயர்கள் மைசூர் அருகே நஞ்சன்கூட்டில் உள்ள நஞ்சுண்டேசுவரரைக் குறிப்பவை. நஞ்சை உண்டவர் என்பது பொருள். மஞ்சுநாத் என்ற பெயர் தர்மசுதலா மஞ்சுநாதரைக் குறிப்பது. மல்லப்பா, மல்லேஷ் ஆகியவை சிரீசைலம் மல்லிகார்ச்சுனரோடு தொடர்புடையவை. திம்மராயன், திம்மப்பா ஆகியவை திருமலை வேங்கடவனின் பெயர்கள். சந்திரசூடன் என்ற பெயர் ஓசூர் மலைமேல் உள்ள சந்திரசூடேசுவரரைக் குறிக்கும். முனியப்பா, முனிராஜ், முனிரத்தினம் ஆகியவை காவல்தெய்வமான முனீசுவரனுக்குரியவை.

மாதேஸ்வரரை ஒரு சமூகத்தார் மட்டும் வணங்குவதில்லை. லிங்காயத்தர், ஒக்கலிகர், குறும்பர், சோளகர், வன்னியர், பட்டியலினத்தார் எனப் பலரும் அவர் அடியார்கள். ஆகவே மாதேஷ் என்ற பெயரைக் கேட்டவுடன் ஒருவரின் சாதியையோ தாய்மொழியையோ ஊகிக்க முயல்வது பெரும்பாலும் தவறாகவே முடியும்.

ஒலி ஒற்றுமையால் வரும் குழப்பங்கள்

தமிழிலக்கியத்தில் மாது என்பது பெண். அகராதியை மட்டும் நம்பி வருபவருக்கு, மீசை வைத்த ஒருவர் தம் பெயர் மாது என்று சொல்வது விந்தையாக இருக்கும். இந்த மாதுவுக்கும் அந்த மாதுவுக்கும் தொடர்பில்லை. இது மாதேவனின் சுருக்கம்.

சென்னைப் பக்கத்தில் மாது என்றால் மாதவன் என்பதன் சுருக்கமாகவே கொள்வர். 1968இல் வெளிவந்த எதிர்நீச்சல் திரைப்படத்தில் நாகேஷ் ஏற்ற வேடத்தின் பெயரும் மாதுதான். மாதவன் திருமாலின் பெயர், மாதேவன் சிவனின் பெயர். எழுத்தில் ஒன்றுபோல் சுருங்கினாலும் வேர் வேறு.

அரக்கோணம், திருவள்ளூர், சித்தூர் பகுதிகளில் மாதம்மா என்ற பெண்தெய்வம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெண்களின் மாதம்மாள் என்ற பெயர் அத்தெய்வத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இங்கே அது மாதப்பனின் பெண்பால் வடிவம்.

எழுத்துக்கூட்டல் சிக்கல்

மாதேஷ் என்ற பெயருடையோர் பலர் வாழ்நாளில் ஒருமுறையாவது சந்திக்கும் இடர் இது. பெயரின் நடுவே உள்ள த என்ற எழுத்தை ஆங்கிலத்தில் எழுதுவதில் இரு மாநிலங்களுக்கும் வழக்கம் வேறு.

கருநாடகத்தில் இவ்வொலிக்கு ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை மட்டும் இடுவர். தமிழ்நாட்டில் நான்காம் எழுத்தோடு எட்டாம் எழுத்தைச் சேர்ப்பாரும் உண்டு. தமிழ் த எங்கு வந்தாலும் இருபதாம் எழுத்தோடு எட்டாம் எழுத்தைச் சேர்ப்பாரும் உண்டு. ஆக நடுவெழுத்துக்கு மூன்று வகை. இறுதியில் ஷ், ஸ், ஷ, சன் என நான்கு வகை. பெருக்கிப் பார்த்தால் ஒரே பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துக்கூட்டல்கள்.

எல்லைப் பகுதியில் இது இன்னும் சிக்கலாகும். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் முறை. ஓசூர்க் குடும்பத்துப் பிள்ளை பெங்களூரு மருத்துவமனையில் பிறந்தால் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். அப்பிள்ளை ஓசூரில் தமிழ்வழிப் பள்ளியில் சேரும்போது ஆசிரியர் தமிழில் எழுதுவார். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டு வழக்கப்படி எழுத்து மாறிவிடும். குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று என்றாகிவிடும்.

முதலெழுத்திலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னே நிற்கும். கருநாடகத்தில் ஊர்ப்பெயர், தந்தை பெயர் இரண்டின் முதலெழுத்துகளும் நிற்பது வழக்கம். முன்னாள் தலைமையமைச்சர் எச். டி. தேவே கவுடாவின் பெயரில் முதல் எழுத்து அரதனஹள்ளி என்ற ஊரையும், இரண்டாவது தொட்டேகவுடா என்ற தந்தை பெயரையும் குறிப்பன. இரு மாநிலங்களிலும் படித்த ஒருவருக்கு இரண்டு விதமான முதலெழுத்துகள் அமைந்துவிடுகின்றன.

பள்ளியில் படிக்கும்வரை இதனால் தொல்லை தெரிவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாகத் தொழிற்சாலையில் சேர்ந்து, பல ஆண்டு உழைத்துச் சேமித்த வருங்கால வைப்புநிதியை எடுக்கும் நாளில்தான் தெரியும். ஆதாரில் உள்ள பெயரும் வைப்புநிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கோரிக்கை திரும்பிவிடும். ஓர் எழுத்துக்காக ஒருவர் தம் மகளின் திருமணச் செலவுக்கான பணத்தை எடுக்க முடியாமல் அலைய நேரிடுகிறது.

இதைத் தவிர்க்கப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. குழந்தையின் பெயரைப் பிறப்புச் சான்றில் காலந்தாழ்த்தாமல் சேர்க்க வேண்டும். பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்க விதி உண்டு.

2. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே பதிவேட்டில் எழுதுமாறு கேட்க வேண்டும். ஆசிரியரும் தம் வழக்கப்படி "திருத்தி" எழுதாமல் சான்றில் உள்ளபடி எழுத வேண்டும்.

3. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பள்ளியில் தயாராகும்போது மாணவரும் பெற்றோரும் கையொப்பமிடுமுன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது கடினம்.

4. வேலையில் சேரும்போது ஆதாரில் உள்ளபடியே பெயர் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். வைப்புநிதிக் கணக்கில் பிழை இருந்தால் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து அளிக்கும் கூட்டு உறுதிமொழி வழியாகத் திருத்தலாம். நிறுவனத்தை விட்டு விலகியபின் இதற்கு அலைச்சல் மிகுதி.

5. பெயரையே மாற்ற விரும்புவோர் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடலாம்.

பிற நாட்டு ஒப்பீடு

ஒரே தெய்வப் பெயரிலிருந்து பல பெயர்கள் கிளைப்பது உலகெங்கும் உள்ளது. இசுகாண்டினேவிய நாடுகளில் இடிக்குரிய பழந்தெய்வம் தோர். டோர், டோரே, டோர்ஸ்டென், டோர்பியோர்ன், தோரா ஆகிய பெயர்கள் அத்தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தவை. டோர்ஸ்டென் என்பதில் கல் என்ற சொல்லும், டோர்பியோர்ன் என்பதில் கரடி என்ற சொல்லும் சேர்ந்துள்ளன. மாத என்ற அடியோடு அப்பன், ஐயன், ஈசன் சேர்வது போன்றதே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோர் வழிபாடு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்து, பெயர்கள் மட்டும் எஞ்சின. மாதேஸ்வரர் வழிபாடு இன்றும் நடக்கிறது. பெயர் வைப்பவருக்கு அதன் காரணம் தெரியும்.

ஐசுலாந்தில் குடும்பப் பெயருக்கு மாற்றாகத் தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்ற பொருள்தரும் சொல்லைச் சேர்த்துக்கொள்வர். தமிழரின் தந்தைபெயர் முதலெழுத்து முறைக்கு இது நெருக்கமானது. அந்நாட்டில் 1996ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டத்தின்படி, ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லாத புதுப்பெயரை வைக்க வேண்டுமானால் அதற்கென உள்ள குழுவின் ஒப்புதல் வேண்டும். அப்பெயர் ஐசுலாந்து மொழியின் எழுத்துமுறைக்கும் இலக்கணத்துக்கும் ஒத்துவர வேண்டும் என்பது நெறி. நம் நாட்டில் எப்பெயரும் வைக்கலாம், எப்படியும் எழுதலாம். அந்த உரிமையின் மறுபக்கமே மேலே கண்ட பன்னிரண்டு எழுத்துக்கூட்டல்கள்.

இப்பெயர் தாங்கிய பொதுவாழ்வினர்

ஆர். மாதேஷ்: திரைப்பட இயக்குநர். மதுர (2004), மிரட்டல் (2012) ஆகிய படங்களை இயக்கியவர்.

வி. எஸ். மாதேஸ்வரன்: அரசியலர். 2024 மக்களவைத் தேர்தலில் நாமக்கல் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

அருண் மாதேஸ்வரன்: திரைப்பட இயக்குநர். ராக்கி (2021), சாணிக் காயிதம் (2022), கேப்டன் மில்லர் (2024) ஆகியவற்றை இயக்கியவர்.

இன்றைய நிலை

எண்கணிதம் பார்த்தும் கைப்பேசியில் தேடியும் பெயர் வைக்கும் இக்காலத்தில் மாதையன், மாதப்பன் ஆகிய வடிவங்கள் புதிய பிறப்புப் பதிவுகளில் அரிதாகிவருகின்றன. மாதேஷ் ஓரளவு நிலைத்து நிற்கிறது. இன்னும் சில குடும்பங்களில் சான்றிதழுக்கு ஒரு புதுப்பெயரை வைத்துக்கொண்டு, மலையில் முடியிறக்கும் அன்று மட்டும் குழந்தையின் காதில் மாதேஸ்வரன் என்று மூன்றுமுறை சொல்லி நேர்த்தியை முடித்துக்கொள்கின்றனர்.

இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றோர் விருப்பம். ஆயினும் மாதையன், மாதப்பன் என்ற பெயரைத் தாங்கியவர்கள் அதைச் சொல்லக் கூசவேண்டியதில்லை. பிள்ளை வேண்டிக் காடும் மலையும் நடந்த ஒரு தாயின் நன்றி அப்பெயரில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டிலும் ஆலை வாயிலிலும் அப்பெயரைக் கூப்பிடுபவர்கள் அதைக் கேலிக்குரியதாக்காமல், பிழையின்றி எழுதிப் பிழையின்றி அழைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.